பன்றித் தடுப்பூசி: சோதனை 500-க்கு, அறிவிப்பு 90 லட்சத்துக்கு

2020 பிப்ரவரித் தொடக்கத்தில் ஒன்றிய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலுக்கு முற்றிலும் உள்நாட்டிலேயே ஒரு தடுப்பூசியை உருவாக்கிவிட்டது. ஒரு டோஸின் விலை 2 ரூபாய்க்கும் குறைவு. நாட்டின் 16 இடங்களில் ஏறத்தாழ 500 பன்றிகளில் அது சோதிக்கப்பட்டு வெற்றி பெற்றுள்ளது என்பன அதன் சாரம். அந்த மை காய்வதற்குள்ளேயே அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் பன்றிகள் கூட்டம் கூட்டமாக மடியத் தொடங்கின. மடித்தது வேறொரு நோய்: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். அதற்கு அப்போது தடுப்பூசியே கிடையாது. ஊரடங்கு நாட்களில் பிரம்மபுத்திராவில் பன்றிகளின் சடலங்கள் மிதந்து வந்தன. மே மாதத் தொடக்கத்தில் 306 கிராமங்களில் 2,500-க்கும் மேற்பட்ட பன்றிகள் இறந்ததாக அஸ்ஸாம் அரசே ஒப்புக்கொண்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு நோய்க்குக் கையில் மருந்து இருந்தும் அது உழைப்பாளியின் கொட்டிலுக்குப் போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. மற்றொரு நோய்க்கு மருந்தே இல்லை. அதைத் தேடும் பொறுப்பையும் அரசு தன் தோளில் ஏற்றிக்கொள்ளவில்லை. 'தடுப்பூசி எவ்வளவு காக்கிறது' என்பது வெறும் ஆய்வகக் கேள்வி அன்று. அது அரசியல் கேள்வி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 2009-இல் உலகை அச்சுறுத்திய மனிதக் காய்ச்சலை நம் நாளேடுகள் 'பன்றிக் காய்ச்சல்' என்றே எழுதின. இங்கு பேசப்படும் இரண்டு நோய்களும் அதுவல்ல. இவை மனிதரைத் தொற்றுவதில்லை. பன்றிகளை மட்டுமே கொல்பவை. அதனாலேயே, தலைநகரத்துத் தொலைக்காட்சிகளுக்கு இவை ஒரு பொருட்டாக இருந்ததும் இல்லை. கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் ஓர் ஆர்என்ஏ வைரஸால் வருவது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலோ 150-க்கும் மேற்பட்ட மரபணுக்களைக் கொண்ட பெரிய டிஎன்ஏ வைரஸால் வருவது. 1921-இல் கென்யாவிலிருந்து முதன்முதலாக அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பெயரில் உறவு, பிறப்பில் எந்த உறவும் இல்லை. ஒன்றுக்கான ஊசி மற்றொன்றைத் தடுக்காது.

முயலின் மண்ணீரலில் ஓடிய அரை நூற்றாண்டு

கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலுக்கு இந்தியா நீண்டகாலம் நம்பியிருந்தது பிரிட்டனிலிருந்து வந்த வெய்பிரிட்ஜ் வகை வைரஸை. அதை முயலின் உடலில் செலுத்தி, முயலைக் கொன்று, மண்ணீரலை எடுத்து ஊசி தயாரிக்க வேண்டும். ஒரு முயலிலிருந்து கிடைப்பது 50 டோஸ். நாட்டுக்கு ஆண்டுக்குத் தேவைப்படுவது 2 கோடியே 20 லட்சம் டோஸ். உற்பத்தியானதோ 12 லட்சம் டோஸ். இவை அரசின் சொந்தக் கணக்குகள். அதாவது 100 டோஸ் தேவைப்பட்ட இடத்தில் ஐந்தோ ஆறோ கிடைத்தன. முழுத் தேவையையும் இந்த முறையில் நிறைவேற்ற வேண்டுமானால் ஆண்டுக்கு 4 லட்சத்து 40 ஆயிரம் முயல்களைக் கொல்ல வேண்டும்! நடக்காத காரியம் என்பது தெரிந்தே, பத்தாண்டுகளுக்குப் பின் பத்தாண்டுகளாக அதே முறை இழுத்துச் செல்லப்பட்டது. இதே காலத்தில் இந்நோயால் ஆண்டுதோறும் ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 430 கோடி ரூபாய் என்று அரசே மதிப்பிடுகிறது.

பொதுத்துறை விஞ்ஞானிகள் இந்த முட்டுக்கட்டையை உடைத்தார்கள் என்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 2015-இல் முயல்வழி வைரஸையே செல் வளர்ப்பு முறைக்குப் பழக்கினார்கள். பின்னர் இந்திய மண்ணில் சுற்றிய வைரஸையே எடுத்து வலுவிழக்கச் செய்து புதிய தடுப்பூசியைப் படைத்தார்கள். முயல் தேவையில்லை, சிறிதளவு வளர்ப்பிலிருந்தே லட்சக்கணக்கான டோஸ்கள் கிடைக்கும். பழைய ஊசியின் விலை 15 முதல் 25 ரூபாய்; கொரியாவிலிருந்து இறக்குமதியாவது 30 ரூபாய்; இதுவோ 2 ரூபாய்க்கும் கீழே.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2 கோடியே 20 லட்சம் டோஸ், டோஸுக்கு 2 ரூபாய்: 4 கோடியே 40 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு 430 கோடி ரூபாய் இழப்பைத் தடுக்கத் தேவைப்படும் மருந்தின் விலை அதில் நூற்றில் ஒரு பங்குதான். இந்தத் தொகைக்கு எந்த நிதியமைச்சரும் கையைப் பிசைய வேண்டியதில்லை.

'காக்கிறது' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

தடுப்பூசியின் ஆற்றலைச் சோதிப்பதற்கென்று ஒரு முறை உண்டு. நோயே கண்டிராத பன்றிகளைத் தேர்ந்து இரு பிரிவாக்குவார்கள். ஒரு பிரிவுக்கு ஊசி, மற்றொன்றுக்கு இல்லை. குறித்த நாள் கழித்து, காற்றுகூட வடிகட்டி வெளியேற்றப்படும் பாதுகாப்புக் கூடத்தில், இரு பிரிவுக்கும் வீரியமுள்ள வைரஸைச் செலுத்துவார்கள். பின்பு அன்றாடம் காய்ச்சல் அளக்கப்படும், இரத்தம் எடுக்கப்படும், மூக்குநீரிலும் சாணத்திலும் வைரஸ் வெளியேறுகிறதா என்று பார்க்கப்படும். ஊசி போடாதவை மடிந்து, போட்டவை பிழைத்தால் தடுப்பூசி வென்றது.

ஆனால் பிழைப்பது ஒன்று. தொற்றாமல் இருப்பது வேறொன்று. ஊசி போட்ட பன்றி சாகாமல் நின்று, அடுத்த கொட்டிலுக்கு வைரஸைப் பரப்பிக்கொண்டே இருந்தால் அந்த ஊசி வளர்ப்பவருக்கு எந்த அளவுக்கு உதவும்? எத்தனையாவது நாளில் காப்பு தொடங்குகிறது, எத்தனை மாதம் நீடிக்கிறது, சினைப் பன்றிக்குப் போடலாமா என்பவற்றுக்கெல்லாம் தனித்தனி விடை வேண்டும். தாய்ப்பாலின் வழியே குட்டிக்கு வரும் எதிர்ப்புப் பொருள் அந்தக் குட்டிக்குப் போடும் ஊசியையே செயலிழக்கச் செய்யும் என்பது பன்றி வளர்ப்பில் அறிந்த உண்மை. ஆகவே எந்த வாரத்தில் போடுவது என்பதே தனி ஆய்வுக்குரியது. ஊசியால் உண்டான எதிர்ப்புப் பொருளையும் நோயால் உண்டானதையும் பிரித்தறிய முடியாவிட்டால் நோய் எங்கே மறைந்திருக்கிறது என்று கண்காணிப்பதும் கடினமாகும்.

2020-ஆம் ஆண்டு அறிவிப்பையே எடுத்துக்கொள்வோம். புதிய ஊசி இரண்டு ஆண்டுகள் காப்பளிக்கும் என்று ஓரிடத்தில் சொல்கிறது. ஊசி போட்ட 14-ஆம் நாள் முதல், ஆய்வு நடந்த 18 மாதங்கள் வரை காப்பு இருந்தது என்று மற்றோரிடத்தில் சொல்கிறது. விஞ்ஞானிகள் பார்த்தது 18 மாதம். மீதி ஆறு மாதத்தைச் சேர்த்தது யார்? விளம்பரப் பிரிவா? பார்த்ததைப் பார்த்த அளவில் சொல்வதே அறிவியல். நல்ல தடுப்பூசிக்கு மிகைப்படுத்தல் தேவையே இல்லை. மிகைப்படுத்தல் பிறகு அந்த விஞ்ஞானிகளின் உழைப்பையே சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. ஆராய்ச்சிப் பண்ணையில் சோதிக்கப்படும் பன்றிக்கு வேளாவேளைக்குத் தீனி, குடற்புழு நீக்கம், மருத்துவர் கண்காணிப்பு எல்லாம் உண்டு. மேகாலயாவின் மலைச்சரிவிலோ ஜார்க்கண்டின் சந்தால் கிராமத்திலோ வீட்டுப் பின்கட்டில் நிற்கும் பன்றிக்குச் சமையற்கட்டின் மிச்சமும் காட்டுக் கிழங்கும்தான் தீனி. குடற்புழுவும் வேறு தொற்றுகளும் அதன் உடலில் முன்பே குடியிருக்கும். மிசோரத்தில் 2013-இல் பன்றிகளின் இனப்பெருக்கத்தையும் மூச்சையும் தாக்கும் மற்றொரு வைரஸ் நோய் பரவிப் பெரும் அழிவை உண்டாக்கியது. அத்தகைய உடலில் ஊசி எவ்வளவு வேலை செய்யும்? ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தாக வேண்டிய உயிர்த் தடுப்பூசி. மாவட்டத் தலைநகரில் குளிர்பெட்டி இருக்கிறது. அங்கிருந்து கிராமத்துக்கு மலைப்பாதையில் அரைநாள் பயணம். நடுவில் மின்சாரம் நின்றுபோகும். குப்பியில் உயிர் இழந்த வைரஸை ஏற்றிக்கொண்டு, 'போடப்பட்டது' என்று பதிவேட்டில் ஒரு கோடு போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும். பன்றி நேராகாது.

ஒன்றிய அரசின் அறிக்கைகளில் முன்னே நிற்பது எப்போதும் போடப்பட்ட டோஸ்களின் எண்ணிக்கையே. கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் கட்டுப்பாடு இன்று ஒன்றியத் திட்டம் ஒன்றில் இடம்பெற்றிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஊசி போட்ட கிராமங்களில் எத்தனை பன்றிகளின் இரத்தத்தில் போதுமான எதிர்ப்புச் சக்தி உண்டானது, எந்த மாவட்டத்தில் உண்டாகவில்லை, ஏன் என்ற விவரம் அந்தப் பன்றியை வளர்ப்பவரின் கைக்கு அவருடைய மொழியில், காசியிலோ போடோவிலோ மிசோவிலோ, போய்ச் சேர வேண்டாமா? சோதனை முடிவு என்பது ஆய்வு இதழ் வாசகரின் தனிச் சொத்தா? கால்நடை மருத்துவர்களின் பற்றாக்குறையை நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிய பிறகும் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் நாட்டில், இரத்த மாதிரி எடுக்க யார் போவது?

பசுவுக்கு ஆணையம்

நாட்டில் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி 90 லட்சத்து 60 ஆயிரம் பன்றிகள் இருந்தன. 2012-ஐவிட 12 விழுக்காடு குறைவு. இவற்றில் ஏறத்தாழ பாதி வடகிழக்கு மாநிலங்களில். அஸ்ஸாமில் மட்டும் 21 லட்சம். அடுத்து 12 லட்சத்துக்கும் மேல் ஜார்க்கண்டில். பிற மாநிலங்களில் பன்றி வளர்ப்போர் பெரும்பாலும் தலித் மக்களும் பழங்குடியினரும். நிலமற்ற ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று பன்றிகள் என்பது வங்கிக் கணக்குக்கு ஈடு. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் திருமணமும் அதிலிருந்தே வருகின்றன. மிசோரத்திலும் நாகாலாந்திலும் அது பெண்களின் உழைப்பில் நிற்கும் சொத்து.

ஆட்சியாளரின் முன்னுரிமை எங்கே இருந்தது? 2019 பிப்ரவரி இடைக்கால நிதிநிலை அறிக்கையில் ராஷ்ட்ரிய கோகுல் திட்டத்துக்கு 750 கோடி ரூபாயும் ராஷ்ட்ரிய காமதேனு ஆணையமும் அறிவிக்கப்பட்டன. அந்த ஆணையம் 2021 பிப்ரவரியில் நாடெங்கும் 'பசு அறிவியல்' தேர்வு நடத்தக் கிளம்பி, நாடே சிரித்த பிறகு கைவிட்டது. சரியாக அடுத்த மாதம் மிசோரத்தின் லுங்லெய் மாவட்டத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்தது. அந்த ஓராண்டில் மட்டும் 33,000-க்கும் மேற்பட்ட பன்றிகள் அந்தச் சிறிய மாநிலத்தில் மடிந்தன. அடுத்த ஆண்டில் மேலும் 12,000-க்கும் மேல்.

பசு வளர்ப்போருக்கு உதவுவதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. அதுவும் உழைப்பாளியின் கால்நடையே. உண்மையில் பசுவுக்கும் இந்த ஆட்சி நேர்மையாக இல்லை என்பதற்குத் தோல்கழலை நோயே சான்று. 2022-இல் லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்துகொண்டிருந்தபோது, ஆகஸ்ட் மாதத்தில் பொதுத்துறை விஞ்ஞானிகள் உருவாக்கிய உள்நாட்டுத் தடுப்பூசியை அமைச்சர் ஆரவாரத்தோடு வெளியிட்டார். இந்நோய்க்கான உள்நாட்டுத் தடுப்பூசி ஒன்றுக்கு உரிமம் கிடைத்தது 2025 பிப்ரவரியில். இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகள் ஆட்டம்மை ஊசியைக் கொண்டே காலம் தள்ளப்பட்டது. பசுவின் பெயரால் வாக்கு கேட்கலாம். பசுவுக்கான ஊசியைத் தயாரிக்க ஒரு பொதுத்துறை ஆலையை முடுக்கிவிட மனம் வராது.

ஏன் வராது? கண்டுபிடிப்பது பொதுத்துறை, தயாரித்து விற்பது தனியார் என்பதே இன்று வகுக்கப்பட்டிருக்கும் பாதை. மக்கள் பணத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய வைரஸ் வித்தை உரிமக் கட்டணத்துக்குக் கைமாற்றிவிட்டு, அந்த நிறுவனம் எப்போது ஆலை அமைக்கும், எவ்வளவு தயாரிக்கும் என்று காத்திருக்கிறார்கள். முதலாளியின் கணக்கு எளியது. கோழிப் பண்ணைகளுக்கும் பால் பண்ணைகளுக்கும் ஊசி விற்றால் மொத்தக் கொள்முதல் உண்டு. மலைக்கிராமத்தில் இரண்டு பன்றி வளர்ப்பவரிடம் 2 ரூபாய் ஊசியை விற்று என்ன லாபம்? 2 ரூபாய் என்பது அரசுக்குப் பெருமை. சந்தைக்கு அது ஒரு குறை. மனிதத் தடுப்பூசியில் நடந்ததை நாடு மறந்திருக்காது. 2008 ஜனவரியில் கசௌலி, கிண்டி, குன்னூர் பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமங்கள் ஒரே வீச்சில் நிறுத்திவைக்கப்பட்டன. செங்கல்பட்டில் நூற்றுக்கணக்கான கோடி ரூபாயில் எழுந்த தடுப்பூசி வளாகம், கொரோனா பெருந்தொற்றின் நடுவிலும் ஒரு டோஸ்கூடத் தயாரிக்காமல் நின்றது. தனியார் நிறுவனங்கள் விலை சொன்னார்கள். மாநிலங்கள் வரிசையில் நின்றன.

வியட்நாம் செய்தது என்ன?

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இயலாத காரியம் என்று கைகழுவுவோர் வியட்நாமைப் பார்க்க வேண்டும். இந்த வைரஸ் தந்திரமானது. எதிர்ப்புப் பொருள் உடலில் உண்டானாலும் அது மட்டும் காப்பதில்லை. வலுவிழந்த உயிர் வைரஸே ஓரளவு பலன் தருகிறது. அதில் ஆபத்தும் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் போர்ச்சுகலில் போதிய சோதனையின்றி 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளுக்கு அத்தகைய ஊசி போடப்பட்டது. ஏராளமானவை நாட்பட்ட நோய்க்கு ஆளாயின. நோய் அடங்குவதற்கு மாறாக வேரூன்றியது. அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது சாட்சி.

வியட்நாம் இதை அறிந்தே இறங்கியது. அமெரிக்க வேளாண் துறையின் பொது ஆய்வகம் ஒரு மரபணுவை நீக்கி உருவாக்கிய வைரஸை நாவெட்கோ நிறுவனம் பெற்று, உள்ளூர்ப் பன்றிகளில் சோதித்தது. 2022 ஜூனில் ஊசி வெளிவந்தது. ஆகஸ்டில் பூ-யென் உள்ளிட்ட மாகாணங்களில் ஊசி போட்ட நூற்றுக்கணக்கான பன்றிகள் மடிந்தன. அரசு உடனே ஊசியை நிறுத்தியது; விசாரித்தது; அனுமதிக்கப்பட்ட வயதுக்கு அப்பாற்பட்ட பன்றிகளுக்கும் அது போடப்பட்டிருந்தது தெரியவந்தது. பிறகு கண்காணிப்பின் கீழ் மட்டுமே பயன்படுத்தி, இரண்டாவது தடுப்பூசியையும் சேர்த்து லட்சக்கணக்கான டோஸ்களின் விளைவைப் பார்த்த பின்னரே 2023 ஜூலையில் நாடு முழுவதற்கும் திறந்துவிட்டது. அந்த ஊசிகள் குறையற்றவை என்பதன்று. இயற்கை வைரஸோடு கலந்து புதிய வகைகள் பிறக்குமோ என்ற அச்சம் விஞ்ஞானிகளிடம் இன்றும் இருக்கிறது; தரமற்ற ஊசிகள் குறித்து உலகக் கால்நடை நல அமைப்பும் எச்சரித்துள்ளது. ஆயினும் சோதித்தார்கள், தவறு நேர்ந்தபோது நிறுத்தினார்கள், மறைக்காமல் சொன்னார்கள், மீண்டும் சோதித்தார்கள்.

இந்தியாவுக்கு அந்த ஆற்றல் இல்லையா? போபாலில் உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் இருக்கிறது. 2020-இல் இந்நோயை உறுதிசெய்ததே அதுதான். விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். இல்லாதது, மலைவாழ் மக்களின் பன்றிக்காக அந்த ஆற்றலை முழுமையாகத் திரட்டும் அரசியல் உறுதி.

தடுப்பூசி வரும்வரை 'உயிர்ப்பாதுகாப்பு' முறைகளைக் கடைப்பிடியுங்கள் என்று விவசாயிக்கு அறிவுரை வழங்கப்படுகிறது. வேலி அடையுங்கள், கிருமிநாசினித் தொட்டி கட்டுங்கள், உணவு மிச்சத்தைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்கிறார்கள். அறிவுரை சரியானதே. கம்பிவேலிக்கும் சிமெண்டுக்கும் விறகுக்கும் பணம் யார் தருவது என்பதில் மட்டும் அறிவுரையாளர்கள் மௌனம் காக்கிறார்கள். நோய் வந்த பிறகு குற்றம் ஏழையின் தலையில் விழுகிறது.

இழப்பீட்டு விதியோ அதைவிடக் கொடியது. அரசு ஆட்கள் வந்து கொல்லும் பன்றிக்கு எடையைப் பொறுத்து 2,200 ரூபாய் முதல் 15,000 ரூபாய் வரை உண்டு. ஒன்றியமும் மாநிலமும் பாதிப் பாதி ஏற்கின்றன. நோயில் தானாகச் செத்த பன்றிக்கு ஒரு காசும் கிடையாது. முதலில் சாவது யாருடைய பன்றி? நோயை முதலில் கண்டு, முதலில் தகவல் சொல்ல வேண்டியவருடையது. அவருக்கு எதுவுமில்லை என்று எழுதிவைத்துவிட்டு, 'ஏன் உடனே தெரிவிக்கவில்லை? ஏன் நோயுற்றதை அவசரமாக விற்றீர்கள்?' என்று கேட்கிறார்கள். இந்த விதியைவிட வேகமாக வைரஸைப் பரப்பும் வண்டி வேறெதுவும் இல்லை.

செத்த பன்றிக்கும் கொன்ற பன்றிக்கும் ஒரே இழப்பீட்டை, வடகிழக்கு மாநிலங்களில் ஒன்றிய அரசே முழுமையாக ஏற்று, முப்பது நாட்களுக்குள் வழங்க வேண்டும். கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் ஊசியைப் பொதுத்துறை ஆலைகளிலேயே தேவைக்கு முழுமையாகத் தயாரித்து, பன்றி வளர்ப்போர் ஒவ்வொருவருக்கும் இலவசமாகக் கொண்டுசேர்க்க வேண்டும். ஊசி போட்ட கிராமங்களின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். போபால் ஆய்வகத்துக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசிச் சோதனைக்கென்று தனி நிதி ஒதுக்கி, அந்தச் சோதனையின் தரவுகளை நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்க வேண்டும். மிசோரத்தின் கொட்டில்கள் அடுத்த மழைக்காலத்துக்கு முன் மீண்டும் நிரம்புமா என்பது இந்த நான்கில் அரசு எதை எப்போது செய்யும் என்பதைப் பொறுத்திருக்கிறது.